தலைப்புக்குக் கீழே வேண்டா

எங்கள் பல்கலைக்கழகத்தில் இதழியல் எம்.ஏ. சேர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் காமிரா பக்கம் போய்விட்டார்கள். மிச்சத்தில் பாதி டிஜிட்டல். அச்சு இதழியலைத் தானாக விரும்பி எடுத்த அதிசயப் பிறவிகள் ஆறே பேர்தான். கேன்டீனில் எங்களைக் கண்டால் காமிராக்காரர்கள், "உங்க பேப்பர்ல இன்னிக்கு போண்டாவா, பஜ்ஜியா?" என்று விசாரிப்பார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காது. "உங்க வீடியோவுல அதைக்கூட மடிக்க முடியாதேப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் டீ குடிப்பேன்.

என் பெயர் சௌந்தரவல்லி. வீடு திருக்கழுக்குன்றத்தில், அப்பா தமிழாசிரியர். என் பெயரை பைலைனாக, அதாவது எழுதியவர் பெயராகப் போட்டால் ஒரு பத்தியின் அகலத்தை முழுசாக அடைத்துக்கொள்ளும். நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை. இரண்டு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைப் பற்றி. அவள் பெயர் வேண்டா.

எங்கள் பக்கத்து உள்கிராமங்களில் வரிசையாகப் பெண்ணாகப் பிறந்தால், போதும் சாமி என்று கடைசியாக வந்தவளுக்கு இந்தப் பெயரை வைப்பார்கள். அடுத்தது பையன் பிறக்கும் என்று நம்பிக்கை. இவளுக்கு அடுத்து ஆனந்தன் பிறந்துவிட்டான். அதனால் அந்த ஊரில் இந்தப் பெயருக்கு இன்னும் மவுசு குறையவில்லை.

முதல் செமஸ்டரிலேயே நாங்கள் ஆளாளுக்கு அவளுக்குப் புனைபெயர் யோசித்தோம். வேணி, வேதா, வெண்பா. பத்திரிகையில் இப்படி ஒரு பெயர் வருமா என்று எங்களுக்குக் கவலை. அவள் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எங்கூர்ல என்னை வேணின்னா யாருக்கு தெரியும்? நான் தப்பா எழுதிட்டா எந்த வூட்டாண்ட வந்து திட்டணும்னு அவங்களுக்கு தெரியணும்ல."

பைலைன் என்றால் பெருமை என்றுதான் நாங்கள் ஐந்து பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு அது வீட்டு விலாசம். திட்ட வருகிறவர்களுக்கான விலாசம். அன்றைக்கே எனக்கு அவள்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க நிறைய கிண்டல் செய்தேன்.

ஏன் அச்சு எடுத்தாய் என்று கேட்டால் நான், காமிராவுக்கு முன்னால் நிற்கக் கூச்சம் என்பேன். உண்மையும் அவ்வளவுதான். அவள் வேறு சொன்னாள். "வீடியோன்னா மறுநாளு தூக்கிடலாம். அச்சுல வந்துட்டா வந்ததுதான். அதான் பயமா கீது. அதான் புடிச்சும் கீது."

எங்கள் துறையிலிருந்து மாதம் ஒருமுறை 'உப்பங்கழி' என்று நாலு பக்கத்தில் மாணவர் இதழ் வரும். செங்கல்பட்டில் அலுவலகம் வைத்திருந்த ஒரு நாளிதழ், கடைசி செமஸ்டரில் அதில் வந்த செய்திகளைப் பார்த்து ஒருவரைப் பயிற்சி நிருபராக எடுத்துக்கொள்ளும். எந்தச் செய்திக்காக எடுக்கிறார்களோ அதைத் தங்கள் மாவட்டப் பக்கத்திலும் மறுபடி போடுவார்கள். ஒரு வருஷத்துக்கு ஒரே ஓர் இடம். ஆறு பேருக்கும் அதன்மேல் கண் இருந்தது.

எங்களுக்கெல்லாம் அது கிடைத்தால் நல்லது. வேண்டாவுக்கு அது கிடைக்காவிட்டால் கதை முடிந்தது. அவள் அப்பா முனிசாமி, சிறுசேரி ஐ.டி. கம்பெனிகளுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறார். வண்டியில் வருகிற ஒருவரிடம் சொல்லி மகளுக்கு ஓர் இன்டர்வியூவுக்கு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். நாள் முழுக்கக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து யாரோ அனுப்புகிற புகார்களுக்குப் பதில் தட்டும் வேலை. "பேப்பர்ல கெடச்சா சேந்துக்கோ. இல்லனா நம்ம வண்டியிலயே போயி நம்ம வண்டியிலயே வந்துடலாம்" என்று தீர்த்துச் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. பெண்ணை எம்.ஏ. வரைக்கும் படிக்க வைத்த மனிதர்.

அந்த மாத இதழுக்காக வேண்டா நடுக்குப்பம் போய் வந்தாள். புதுப்பட்டினத்தைத் தாண்டி, சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற சின்ன மீனவர் குப்பம். ஏதோ ஒரு கம்பெனியின் அறக்கட்டளை அங்கே மீன் விற்கும் பெண்களுக்காகச் சந்தைக் கட்டடம் கட்டித் தரப்போகிறது என்று செய்தி. நல்ல செய்தி, நன்றாகவே எழுதியிருந்தாள். எத்தனை மேடை, எங்கிருந்து தண்ணீர், ஐஸ் பெட்டி வைக்க எவ்வளவு இடம் என்று எல்லாம் இருந்தது.

அந்த இதழின் பக்கங்களை வடிவமைத்தவன் எங்கள் வகுப்பு ஜெகதீசன். புது டிசைன் என்று கிளம்பியிருந்தான். "எழுதியவர்" என்ற சொல்லை எடுத்தான். பெயருக்கு முன்னால் இருந்த கோட்டை எடுத்தான். தலைப்பு எந்த எழுத்தோ அதே எழுத்தில், தலைப்புக்கு நேர் கீழே பெயரை வைத்தான். "க்ளீனா இருக்கும்பா" என்றான். க்ளீனாகத்தான் இருந்தது.

நடுக்குப்பத்தில் புதிய மீன் சந்தை
வேண்டா

அத்தனை பேரும் பக்கத்தைப் பார்த்தோம். எங்கள் பேராசிரியை மார்கரெட் மேடமும் பார்த்தார். ஒருவருக்கும் உறைக்கவில்லை. எங்களுக்கு அது ஒரு பெயர். அவளைத் தெரியாதவர்களுக்கு அது வினைமுற்று. அதுவும் என் அப்பா பார்த்தால் குளிர்ந்துபோகிற வினைமுற்று. வேண்டாம் என்பதைவிட வேண்டா என்பதே சுத்தமான தமிழ் என்று பாதி வகுப்பு நேரத்தை அதற்கே செலவழிப்பவர் அவர்.

இதழ் வந்த மறுநாளே நாளிதழின் செங்கல்பட்டு ஆசிரியர் நரசிம்மன், மார்கரெட் மேடத்துக்குப் போன் செய்துவிட்டார். சந்தைச் செய்தி எழுதிய பெண்ணைத்தான் இந்த வருஷம் எடுக்கப்போவதாகவும், வெள்ளிக்கிழமை நேரில் வருவதாகவும் சொன்னார். அடுத்த இடத்தில் என் செய்தி இருந்ததாம். மாமல்லபுரத்தில் அலையோடு செல்ஃபி எடுக்கப் போய் செல்போனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நிற்பவர்களைப் பற்றி எழுதியிருந்தேன். எனக்குப் பொறாமை இருந்தது. இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடாது. ஆனாலும் அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஊரைப் பற்றி எழுதுகிறோமோ, அந்த ஊருக்கு நாமே இதழை எடுத்துக்கொண்டு போய்க் கையில் கொடுக்க வேண்டும். அன்று சாயங்காலமே வேண்டாவும் நானும் ஒரு கட்டு 'உப்பங்கழி'யோடு நடுக்குப்பம் போய் இறங்கினோம்.

சாலையோரம் பஸ் நிறுத்தத்தை ஒட்டி, அன்னக்கூடைகளில் மீனை வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கல்பாக்கத்திலிருந்து ஸ்டாஃப் பஸ்கள் திரும்பி வருகிற நேரம். இறங்குகிறவர்கள் பஸ் படியிலிருந்தே விலை கேட்டார்கள். வரிசையின் முதலில் இருந்தவர் பூங்கொடி. குரலே ஊருக்குக் கேட்கும். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பேப்பரை வாங்கி, மற்றவர்களுக்குக் கேட்கிற மாதிரி விரல் வைத்துப் படித்தார்.

"நடுக்குப்பத்தில் புதிய மீன் சந்தை வேண்டா."

ஒரே மூச்சில் படித்தார். பிறகு வேண்டாவை நிமிர்ந்து பார்த்தார்.

"கரெக்டா போட்டுகீற பொண்ணே. எத்தினி பேரு வந்தானுங்க, போட்டா புடிச்சானுங்க. ஒருத்தனும் எங்க மன்சுல கீறத எழுதல. நீ தலைப்புலயே போட்டுகீற. யே ஜெகதா, இந்த பொண்ணுங்களுக்கு ரெண்டு டீ சொல்லு."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கன்னத்தை உள்பக்கமாகக் கடித்துக்கொண்டேன். வேண்டா சிரிக்கவில்லை. அவள் ஒரு தலையாட்டலோடு டீயைக் குடித்துவிட்டு வந்திருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். செய்துவிட்டு பஸ்ஸில் வயிறு வலிக்கிற வரைக்கும் சிரித்திருப்பேன்.

"அக்கா, அது தலைப்பு இல்ல" என்றாள் அவள். "வேண்டான்றது என் பேரு."

பூங்கொடி பேப்பரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி பேப்பரைப் பார்த்தார். "பேரா? எங்க சின்ன நாத்தனா பேரும் அதான். அப்போ நீ இன்னாதான் எழுதிகீற?"

"படிக்கிறேன், கேளுங்க."

நின்றுகொண்டே படித்தாள். நடுவில் பஸ் வந்தால் நிறுத்தினாள், போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தது. 'மீன் விற்கும் பெண்கள் இதனால் பெரும் மகிழ்ச்சி அடைந்துள்ளனர்.' அதைத் தாண்டிப் போயிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது. அவள் மற்ற வரிகளைவிட மெதுவாக, சத்தமாக அதைப் படித்தாள்.

"யாரு மகிழ்ச்சி அடஞ்சது?" என்றார் பூங்கொடி.

"நீங்கன்னு எழுதிகீறேன்."

"என்னை எப்போ கேட்ட?"

"கேக்கல. நான் காலையில வந்தேங்க்கா. நீங்க யாரும் இல்ல. மீனவர் சங்கத்துத் தலைவர கேட்டேன். எல்லாருக்கும் சந்தோஷம்தான்னு சொன்னாரு. அவரு சொன்னாருன்னுகூட போடல. நானே பாத்த மாதிரி எழுதிட்டேன். தப்புதான்."

எனக்குக் கோபம். மறுநாள் பக்கம் முடிக்க வேண்டியிருந்தது, இவளுக்கு இன்னொரு முறை வர நேரமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் கையைக் கிள்ளி நிறுத்திவிட்டாள்.

பிறகு திட்டு விழுந்தது. நடுக்குப்பத்துத் திட்டு எப்படி இருக்கும் என்று எழுத்தில் கொண்டுவர என்னால் ஆகாது. படித்த பொண்ணு என்று ஆரம்பித்து, பேப்பர்காரர்கள் எல்லாரையும் சுற்றி, மறுபடி படித்த பொண்ணிடமே வந்து நின்றது. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். வேண்டா எதிரில் அப்படியே நின்றாள். கண்ணைத் தாழ்த்தவில்லை, பதில் சொல்லவில்லை. இப்படித் திட்டு வாங்கவும் ஒரு தைரியம் வேண்டும். வகுப்பில் இதையெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை.

பூங்கொடி மூச்சு வாங்கியபோது அவள் தரையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். "இப்போ சொல்லுங்கக்கா. ஏன் வாணான்றீங்க?"

விஷயம் இதுதான். கட்டடம் வரப்போவது சாலையில் இல்லை. பின்னால், கடலை ஒட்டிய காலி இடத்தில். "பஸ்ல எறங்கறவங்க டிபன் பாக்ஸ தூக்கினு வூட்ட பாக்க போற அவசரத்துல கீறாங்க. கண்ணுல மீன் பட்டா வாங்குவாங்க. அம்மாந்தூரம் உள்ள நடந்து வந்து எவன் வாங்குவான்?" என்றார் பூங்கொடி.

டீயோடு வந்த ஜெகதாம்பாள் குறுக்கே புகுந்தார். "எனுக்கு கட்டடம் வோணும்பா. வெயில்ல மீனும் காயுது, நானும் காயறேன். ஒதுங்க ஒரு எடம் இல்ல. ஆனா இங்க, ரோட்டாண்ட கட்ட சொல்லு."

"இங்க ஏது எடம்?" என்றார் இன்னொருவர். அவர்களுக்குள்ளேயே சண்டை மூண்டது. வேண்டா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். எழுதியதை ஒவ்வொருவருக்கும் திருப்பிப் படித்துக் காட்டி, சரியா என்று கேட்டாள். தப்பாகப் படிக்கப்பட்ட தலைப்பும் முழு உண்மை இல்லை, அவள் எழுதிய செய்தியும் உண்மை இல்லை என்பது அந்தச் சண்டையைக் கேட்டபோதுதான் எனக்கே புரிந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னேன். "பேசாம இரு. வெள்ளிக்கிழமை அவர் வந்து பார்த்துட்டுப் போகட்டும். வேலையில சேர்ந்துடு. அப்புறம் அந்தப் பேப்பர்லயே நீ திருத்தி எழுதிக்கலாம்."

"அதுக்குள்ள அவரு இத்த மறுபடியும் போட்டுடுவாருடி. அவங்க பேப்பரு எத்தினி வூட்டுக்கு போவுது. அப்புறம் கட்டறவங்க அத்தயே காட்டி, பாரு பொம்பளைங்களுக்கு சந்தோஷமாம்னு சொல்லிடுவாங்க."

"வேலை போயிடும்டி."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "தெரியும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை நரசிம்மன் வந்தார். அவசரக்காரர். ஒரு கண் எப்போதும் செல்போனில். துறை அறையில் மார்கரெட் மேடம், வேண்டா, அவள் துணைக்கு நான்.

"செய்தி நல்லா இருக்கும்மா" என்றார். "ஞாயித்துக்கிழமை மாவட்டப் பக்கத்துல போடறேன். பேரைத்தான் கொஞ்சம் யோசிக்கணும். தலைப்போட சேர்ந்து விவகாரமா நிக்குது."

"சார், அந்தச் செய்தி தப்பு. போடாதீங்க" என்றாள் வேண்டா.

அவர் செல்போனைக் கீழே வைத்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். சுருக்கமாக, அழகு சேர்க்காமல் சொன்னாள். கட்டித் தருகிறவர்களையும் கேட்க வேண்டும், அதற்கு நேரம் வேண்டும், பிறகு மாற்றி எழுதித் தருவதாகச் சொன்னாள்.

நரசிம்மன் கெட்டவர் இல்லை. "நான் எடுக்கறது அச்சுல வந்த செய்தியைப் பார்த்துத்தாம்மா. தப்புன்னு நீயே சொல்ற செய்திக்கு நான் எப்படி வேலை குடுக்கறது?"

"குடுக்க முடியாது சார். தெரிஞ்சிதான் சொன்னேன்."

நரசிம்மன் என் பக்கம் திரும்பினார். "செல்போன் செய்தி நீதானே? திங்கட்கிழமை வந்துடு."

சரி என்றேன். எனக்கும் வேலை வேண்டியிருந்தது.

வெளியே வந்ததும் வேண்டா என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "நல்லா எழுதுவ நீ. அவருக்கு நஷ்டமில்ல" என்றாள். மனதாரச் சொன்னாள். பிறகு கைகழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். வரும்போது கண் சிவந்திருந்தது. அதை மறைக்கவும் இல்லை. அந்த வேலை அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று நான் பார்த்தேன். பார்த்த பிறகுதான் அவள் செய்ததன் எடை எனக்குத் தெரிந்தது.

வேலையில் சேர்ந்த வாரமே நரசிம்மன் என்னை நடுக்குப்பத்துக்கு அனுப்பினார். சந்தைக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டு விழா. ஒரு படம், நாலு வரி போதும் என்றார்.

கடலோரக் காலி இடத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். மைக் செட்டில் பாட்டு. மீன் விற்கும் பெண்களுக்கென்று முன்வரிசையில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அத்தனையும் காலி. பெண்கள் எல்லாரும் சாலையோரம், தங்கள் வழக்கமான இடத்தில், காலிக் கூடைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டாஃப் பஸ் திரும்புகிற நேரம்கூட இல்லை. கோஷம் இல்லை, அட்டை இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சங்கத் தலைவர் வந்து கெஞ்சிப் பார்த்துவிட்டுப் போனார். மற்றப் பத்திரிகைக்காரர்கள் ஷாமியானாவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பூங்கொடியிடம் போனேன். "அக்கா, நான் இப்ப பேப்பர்ல இருக்கேன். என்ன நடக்குதுன்னு சொல்லுங்க, எழுதறேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ அன்னிக்கு கூட வந்தவதான? அந்த பொண்ணு எங்க?"

"அவ பேப்பர்ல இல்லக்கா. என்கிட்ட சொல்லுங்க."

"உன்னாண்ட சொல்லமாட்டோம். கோச்சிக்காத. நீ இன்னா எழுதுவன்னு எங்களுக்கு தெரியாது. அவ தப்பா எழுதினா, எழுதினத எங்க மூஞ்சிக்கு நேரா நின்னு படிச்சா, நாங்க கேட்டதெல்லாம் நின்னு வாங்கிகினா. அவளாண்டதான் சொல்லுவோம். வர சொல்லு."

ஜெகதாம்பாளைப் பார்த்தேன். அவரும் வாயைத் திறக்கவில்லை. சந்தை வேண்டும் என்றவரும் சரி, வேண்டாம் என்றவரும் சரி, இதில் ஒன்றாகிவிட்டார்கள்.

வேண்டாவுக்குப் போன் போட்டேன். இரைச்சலுக்கு நடுவில் எடுத்தாள். "நைனா வண்டியில கீறேன்டி. திருப்போரூர் வந்துட்டோம். இன்னிக்குத்தான் சிறுசேரி இன்டர்வியூ."

அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கூப்பிட்டிருப்பேனா என்பதும் தெரியாது. நடந்ததைச் சொன்னேன். வேலை கிடைக்கும் என்று சொல்லவில்லை. சொல்ல எனக்கு அதிகாரமும் இல்லை.

"கல்லு நட்டுட்டாங்களா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்லை."

போனை வைக்காமலேயே அவள் பேசியது கேட்டது. "நைனா, ஓரமா நிறுத்து."

"இன்னா ஆச்சு? வண்டியில ஆளுங்க கீறாங்க, லேட்டானா கம்பெனில கேப்பான்."

"நீ போ. நான் எறங்கிக்கறேன்."

"அப்போ இன்டர்வியூ?"

அதற்கு அவள் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. கதவு தள்ளித் திறக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அவள் மாமல்லபுரம் வந்து பஸ் மாறி வருவதற்குள் நரசிம்மனே கூப்பிட்டுவிட்டார், படம் எங்கே என்று. நான் பூங்கொடி சொன்னதைச் சொன்னேன்.

"பேச வைக்கறதுதாம்மா நம்ம வேலை" என்றார்.

"ஒருத்தர்கிட்டதான் பேசுவாங்களாம் சார். வேண்டாகிட்ட."

"எந்த... அந்தப் பொண்ணா? அவ எழுதினதே தப்புன்னாளே?"

"அதை இங்க வந்து இவங்களுக்கே படிச்சுக் காட்டினா சார். திட்டு வாங்கினா. அதனாலதான் அவகிட்ட பேசறேங்கறாங்க. வந்துகிட்டிருக்கா."

"யார் வரச் சொன்னது?"

"நான்தான் சார்."

"அவளுக்கு இங்க வேலை இல்லைன்னு அவளுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும் சார். இன்னிக்கு அவளுக்கு சிறுசேரில இன்டர்வியூ. பாதி வழியில இறங்கி வர்றா."

"லைன்லயே இரு" என்றார்.

அப்போதுதான் பஸ் வந்து நின்றது. இன்டர்வியூவுக்கென்று எடுத்த புதுச் சுடிதார், கஞ்சி போட்ட துப்பட்டா, கையில் சர்டிபிகேட் ஃபைல். இறங்கி நேராகப் பெண்களிடம் போனாள். "வந்துட்டியா, குந்து" என்றார் பூங்கொடி. தரை முழுக்கக் கூடை கழுவின தண்ணீர். வேண்டா சுற்றும் பார்த்தாள். பிளாஸ்டிக் ஃபைலைக் கீழே போட்டு, எம்.ஏ. வரைக்கும் வாங்கிய அத்தனை சர்டிபிகேட்டின் மேலும் உட்கார்ந்தாள். துப்பட்டாவை மடியில் சுருட்டிக்கொண்டு என்னிடம் கை நீட்டினாள். என் நோட்டையும் பேனாவையும் கொடுத்தேன்.

செல்போனையும் நீட்டினேன். "நரசிம்மன் சார் லைன்ல இருக்கார்."

"அப்புறம் பேசறேன்னு சொல்லுடி. இவங்க எத்தினி நேரமா காத்துகினு கீறாங்க." என்னைப் பார்க்கக்கூட இல்லை. "சொல்லுங்கக்கா, யாரு மொதல்ல?"

எனக்கு உயிரே போய்விட்டது. போனைக் காதில் வைத்தேன். ஏதாவது சமாளிக்கலாம் என்று தொண்டையைச் செருமினேன்.

"கேட்டுது" என்றார் நரசிம்மன். "அவங்க பேசி முடிக்கட்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. முதல் பக்கத்துல இடம் விட்டு வைக்கறேன். முடிச்சதும் உன்கூடவே ஆபீசுக்குக் கூட்டிட்டு வா, இன்னிலேருந்து அவளும் நம்ம ஆள். உங்க ரெண்டு பேருக்கும் மேலிடத்துல நான் சொல்லிக்கறேன்."

ஓடிப்போய் அவள் தோளைத் தொட்டேன். பூங்கொடி பேசிக்கொண்டிருந்தார். வேண்டா எழுதுவதை நிறுத்தாமல், நிமிர்ந்து பார்க்காமல், இடது கையை மட்டும் தூக்கி, இரு என்று காட்டினாள்.

இருந்தேன்.